அடித்தது யார் பேரை

கெர்ஷோன் பிளமுக்கு முப்பத்தாறு வயது. அவருடைய மாணவர்களில் எழுபது வயசுக்குக் குறைந்த ஆள் கிடையாது. மெல்போர்னில் உட்கார்ந்து வேதச் சுருள் எழுதினால் வீட்டுச் சாப்பாடு சாப்பிடலாம். மனுஷனுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. வேனில் இறகும் மையும் தோல்தாளும் ஏற்றிக்கொண்டு, யூதர்களைத் தேடிப்பிடிக்க வேண்டிய சின்ன ஊர்களாகப் பார்த்துப் போய் எபிரேய எழுத்துப் பழக்குவார். அங்கெல்லாம் கூட்டு ஜெபத்துக்கு ஒன்பது ஆண்கள் இருப்பார்கள், வேண்டியது பத்து. அதனால் வேன் நின்றதுமே கல்யாண மாப்பிள்ளைக்கு நடக்கிற உபசாரம் நடக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இந்த முறை தேவை அவருடையது. சனிக்கிழமை அவருடைய அப்பா செத்து ஒரு வருஷம். மகன் எழுந்து நின்று காடிஷ் ஜெபம் சொல்ல வேண்டும். பத்துப் பேர் கூடாமல் காடிஷ் கிடையாது. மெல்போர்னில் கூப்பிட்டால் நூறு பேர் வருவார்கள். ஆனால் மெக்காய் என்ற ஊரில் வகுப்புக்குத் தேதி கொடுத்துத் தொலைத்திருந்தார். அங்கே ஒன்பது, தன்னோடு பத்து என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வடக்கே வண்டியை விட்டார். யாரிடமும் விஷயத்தைச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, சாரணர் கூடத்தில் வகுப்பு. அந்தக் கூடத்தின் சாவியும் அந்தச் சின்ன சபையின் குடுமியும் டல்சி என்ற அம்மாள் கையில் இருந்தன.

"புது இறகு சீவினா முதல்ல அமலேக்குன்னு எழுதிப் பாக்கணும்" என்றார் கெர்ஷோன். "ஆதிகாலத்து எதிரி. அவன் பேரே இல்லாமப் போகணும்னு கட்டளை. எழுதிட்டு அடிச்சிடுங்க. மை இறங்குதான்னும் தெரியும், புண்ணியமும் சேரும்."

எல்லோரும் எழுதினார்கள், அடித்தார்கள். கெர்ஷோன் சுற்றி வந்து, கிழவர் ஆல்ஃபின் தாளைத் தூக்கிக் காட்டினார். "பாருங்க, கோடுன்னா இப்படி அழுத்தமா இருக்கணும்."

எதிரே உட்கார்ந்திருந்த பெர்னி கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "வாத்தியாரே, கோட்டுக்கு அடியில என்ன இருக்குன்னு படிச்சீங்களா?"

அப்போதுதான் படித்தார். பாரூக் என்று இருந்தது. பெர்னியின் எபிரேயப் பெயர்.

"இறகைத்தான் சோதிச்சேன்" என்றார் ஆல்ஃப். "நல்லா இறங்குச்சு."

"நீ வித்த படகும் நல்லாத்தான் இறங்குச்சு. நேரா ஆத்துக்குள்ள."

பன்னிரண்டு வருஷப் பகை. ஆல்ஃப் விற்ற படகு முதல் நாளே மூழ்கி, பெர்னி முதலை ஆற்றில் நீந்திக் கரையேறினார்.

"முதலையே உன்னை வேணாம்னுடுச்சு, நான் என்ன செய்ய?"

பெர்னி தொப்பியை எடுத்துக்கொண்டார். "நாளைக்கு என்னை எண்ணாதீங்க. என் பேரைத்தான் அடிச்சாச்சே."

பெர்னி வராவிட்டால் கெர்ஷோனையும் சேர்த்து ஒன்பதுதான். எழுத்தைப் படிக்காமல் கோட்டைப் புகழ்ந்த எழுத்துக்காரன், உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று தன்னையே திட்டிக்கொண்டார். டல்சியிடம் அப்பா விஷயத்தைச் சொன்னார்.

"முதல்லயே சொல்றதுக்கு என்ன தம்பி, வாயில கொழுக்கட்டையா?" என்ற டல்சி, அவரைப் பெர்னியின் வீட்டுக்கு விரட்டினாள்.

பெர்னி மீன் வறுத்துக்கொண்டிருந்தார். கெர்ஷோனின் அப்பாவைப் பற்றிக் கேட்டதும் அடுப்பை அணைத்தார், முகம் இளகியது. ஆனால் வீம்பு இளகவில்லை. "அடிச்சதைக்கூட விடுங்க. எழுதின லட்சணத்தைப் பாத்தீங்களா? கோழி கிளறின மாதிரி. அடிக்காம, ஒழுங்கா, தோல்தாள்ல எழுதித் தரச் சொல்லுங்க. வரேன்."

பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள் பிறந்துவிடும். பிறகு ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. ஆல்ஃபைக் கூடத்தில் பிடித்து உட்கார்த்தினார்கள்.

"அவன் பேரை நான் அழகா வேற எழுதணுமா?"

"எழுதாட்டிப் போ" என்றாள் டல்சி. "உன் பொண்டாட்டி நினைவு நாளுக்கு நான் எல்லாரையும் கூட்டிக்கிட்டுக் கடற்கரைக்குப் போயிடறேன்."

ஆல்ஃப் இறகைத் தொட்டார். நான்கே எழுத்து, ஐந்து தாள் பாழ். பெர்னி பின்னால் நின்று மேற்பார்வை பார்த்தார்.

"கால் குட்டை."

"உன் காலைவிட நெட்டைதான்."

ஆறாவது தாளில் மூன்று எழுத்தும் நிமிர்ந்து நின்றன. நான்காவதின் தலைக்கோடும் விழுந்தது. கால் இறங்க வேண்டியதுதான் பாக்கி. மையில் தோய்த்த இறகை ஆல்ஃப் தூக்கினார்.

"நேரமாச்சு" என்றாள் டல்சி. "கீழ வை."

ஆல்ஃப் வைத்துவிட்டார். இன்னும் ஒரே ஒரு கோடு என்று கெர்ஷோனுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்ல எந்த எழுத்துக்காரனாலும் முடியாது. கண் நிறைந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை.

பெர்னி மேசை மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "முடிக்கல."

"நாளைக்கு நட்சத்திரம் தெரியற வரைக்கும் எழுத முடியாது. எனக்கும் தெரியும்" என்றார் ஆல்ஃப்.

"அதுவரைக்கும் உன்னை நம்பி விட முடியுமா? காலையிலேயே வந்து உன் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

வந்தார். உட்கார்ந்தார். பத்துப் பேர் ஆயிற்று. கெர்ஷோன் எழுந்து காடிஷ் தொடங்கினார். நாலு வார்த்தை முடிந்ததும் ஆல்ஃப் "ஆமேன்" என்றார். பெர்னி அவருக்குச் சளைக்காமல் அதைவிடச் சத்தமாகச் சொன்னார். ஆல்ஃப் விடுவாரா? ஒவ்வொரு ஆமேனுக்கும் போட்டி ஏறி, பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது. கெர்ஷோனின் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் காது சுத்தமாகக் கேட்காது. எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். கெர்ஷோன் அழுதுகொண்டே, மிச்சத்தைக் கத்திச் சொல்லி முடித்தார்.