எந்தக் கிறுக்கலையும் படித்துவிடுகிறவர்

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவரை ஊரே கம்பவுண்டர் என்றுதான் கூப்பிடும். டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் படிப்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மற்ற கடைக்காரர்கள் உதட்டைப் பிதுக்கும் சீட்டெல்லாம் கடைசியில் அவரிடம்தான் வந்து சேரும். அந்தப் பெருமை மனிதருக்குத் தலைக்கேறி இருந்தது.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரே மகள். ஒன்பது வயது. வாய் திறந்தால் கதை கதையாகப் பேசுவாள், புத்தகத்தைத் திறந்தால் ஊமை. ஒரு வருஷமாகத் தினமும் சாயங்காலம் மல்லுக்கட்டு. 'கவனமில்லை, திமிர்' என்று இவர் கத்த, அவள் அழ, இப்போது அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே போர்வைக்குள் புகுந்து தூங்குவதுபோல் நடிக்கிறாள். படிப்பு போகட்டும், பிள்ளையே கைவிட்டுப் போய்விடுமோ என்று அவருக்கு உள்ளுக்குள் பயம். வெளியே சொல்வாரா? மாட்டார்.

பள்ளியில் வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கென்றே ஒரு டீச்சர் இருந்தார். இருவரையும் வரவழைத்து, மகளைப் படிக்கச் சொன்னார். 'குதிரை நின்றது' என்பதை அவள் 'குரங்கு நின்றது' என்றாள்.

"பாத்தீங்களா டீச்சர்? முதல் எழுத்தைப் பாத்துட்டு மிச்சத்தை அடிச்சு விடுறா. கண்ணைத் திறந்து பாத்தா என்னவாம்?"

டீச்சர் அவளை விளையாட அனுப்பிவிட்டு, கைப்பையிலிருந்து தன் மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினார். கம்பவுண்டர் ஒரே மூச்சில் படித்தார்.

"எப்படிப் படிச்சீங்க?"

"முதல் எழுத்து புரியுது. டாக்டர் சர்க்கரைக்குப் பாக்குறவர். அப்போ இந்த மாத்திரையாத்தானே இருக்கும்?"

"சந்தேகம் வந்தா?"

"டாக்டருக்குப் போன் போட்டுக் கேப்பேன். மருந்தாச்சே, விளையாட்டா?"

"கேட்டா அவர் திட்டுவாரா?"

"எதுக்குத் திட்டணும்? கேக்குறதுதானே முறை."

"உங்க பொண்ணும் அதையேதான் செய்யுறா சார். எழுத்து அவ கண்ணுக்குத் தெரியுது. அதை ஓசையா மாத்துறதுதான் அவளுக்குக் கஷ்டம். அதான் ஊகிக்கிறா. திமிரும் இல்ல, மக்கும் இல்ல. எழுத்தெழுத்தா, ஓசை ஓசையா நான் சொல்லிக் குடுக்குறேன், நாளாகும். வீட்டுல அவ பயமில்லாம கேக்கணும். அது உங்க கையிலதான் இருக்கு."



அன்று சாயங்காலம் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டாவது வரியிலேயே அவள் நின்றுவிட்டாள். தோளைக் குறுக்கிக்கொண்டு ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். அவருக்கு நாக்கு நுனிவரை கோபம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முழுங்கினார்.

"தெரியலன்னா கேளுடா கண்ணு. அப்பா திட்ட மாட்டேன்."

நம்பாமலே கேட்டாள். சொன்னார். அடுத்த வரியில் மறுபடி கேட்டாள். அதற்கும் சொன்னார். ஒரு பக்கம் முடிவதற்குள் பதினோரு தடவை. அவள் தோள் மெல்லத் தளர்ந்தது, உடம்பு அவர்மேல் சாய்ந்தது.

"இத்தனை நாளா ஏம்மா என்னைக் கேக்கவே இல்ல?"

"கேட்டேன்பா," என்றாள் அவள், புத்தகத்திலிருந்து விரலை எடுக்காமல். "முதல்ல எல்லாம் கேட்டேன்."

யோசித்து யோசித்துப் பார்த்தார். அவள் கேட்ட ஒரு நாள்கூட அவருக்கு நினைவில் இல்லை.