கச்சேரி சேருக்கு நான் வித்த கத்தி

புதுக் கத்திக்குன்னு ஒரு வாசம் இருக்கு. மெஷின் எண்ணெயும் அட்டைப்பெட்டியும் கலந்த மாதிரி. கண்டி டவுன்ல ஒரு சமையல் சாமான் கடையில சேல்ஸ் கேர்ளா நின்ன நாலு வருஷமும் அது என் கையை விட்டுப் போகல. பொழுதுபட வீட்டுக்குப் போற தெல்தோட்டை பஸ்ல சீட் கிடைச்சு கம்பியில தலையைச் சாய்ச்சா, மூக்குக்குள்ள அதுதான்...

நேத்து நம்ம க்ரூப்ல ஒருத்தி கேட்டிருந்தா, வீட்டுக்கு நல்ல கத்தி எது, ஸ்டீக் நைஃப் செட் ஒன்னு எடுக்கலாமான்னு. ரெண்டு வரியில பதில் போடலாம்னு உக்காந்தேன். முடியல.

அப்ப எனக்கு இருவத்திரெண்டு வயசு. காலையில எட்டரைக்குக் கால்ல நின்னா பூட்டுற வரைக்கும் நிக்கணும். ஒரே ஒரு கதிரை இருந்துச்சு, அது கஸ்டமருக்கு.

ஸ்டீக் நைஃப் செட் மேல மெனேஜருக்கு ஒரு பைத்தியம். மரப்பெட்டி, உள்ளுக்கு சிவப்பு வெல்வெட், ஆறு கத்தி. "யார் நல்ல கத்தி கேட்டாலும் முதல்ல இதைக் காட்டு"ன்னு ஓடர். எங்க வீட்டுல மாட்டிறைச்சியை வாசப்படி தாண்ட விடமாட்டாங்க. நான் நாள் முழுக்க ஸ்டீக் கத்தி வித்துக்கிட்டு இருந்தேன். வாங்கினவங்களும் ஸ்டீக் சாப்பிட்டிருக்கப் போறதில்ல. கண்ணாடி அலுமாரியில வெச்சு அழகு பார்த்திருப்பாங்க.

ஒருநாள் மத்தியானம் ஒரு சேர் வந்தார். கச்சேரியில, அதான் அந்த அரசாங்கக் கந்தோர்ல, கிளார்க். யாழ்ப்பாணத்து ஆள். அயர்ன் கலையாத சேர்ட், கையில குடை.

"நல்ல கத்தி ஒண்டு வேணும் தங்கச்சி. எல்லாம் வெட்டவேணும்."

கால் வலி... பசி வேற. பெட்டியைத் திறந்து காட்டினேன். "ஹோட்டல்ல எல்லாம் இதுதான் சேர்"னு சொன்னேன். பல்லுப் பல்லா இருந்த அலகை விரலால தடவிப் பார்த்துட்டு வாங்கிட்டுப் போனார். அஞ்சு நிமிஷ வேலை.

ரெண்டு வாரம் கழிச்சு திரும்பி வந்தார். இடது கையில மூணு விரல்ல பிளாஸ்டர். சண்டைக்கு வந்திருக்கார்னுதான் நெனச்சேன்.

அவர் சண்டை பிடிக்கல. பையில இருந்து அந்தக் கத்தியில ஒன்னை எடுத்து வெச்சு மெதுவாத்தான் கேட்டார்.

"இதை எப்பிடிப் பிடிக்கிறது எண்டு ஒருக்காச் சொல்லித் தாறியளே? எனக்குச் சரிவருதில்லை. என்ர கைதான் பிழை போல."

அப்புறம்தான் ஒவ்வொண்ணா வந்துச்சு. மனைவி இறந்து மூணு மாசம். ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க, ஒன்பதும் பன்னெண்டும். அவரோட அக்கா யாழ்ப்பாணத்துல இருந்து வந்து நிக்கிறாங்க.

"கடைச் சாப்பாடு குடுத்துப் பொம்பிளைப் பிள்ளையளை வளக்கேலாது எண்டு சொல்லுறா. பள்ளிக்கூட லீவு முடியிறதுக்குள்ள நான் சமைக்கப் பழகாட்டி, ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போறாவாம்."

"லீவு முடிய இன்னும் எத்தனை நாள் சேர்?"

"பத்து நாள்."

அந்தக் கத்தி சமைச்ச இறைச்சியைத் தட்டுல வெச்சு அறுக்கிறதுக்கு. பச்சைப் பூசணிக்காய்லயும் கெரட்லயும் அதோட பல்லு மாட்டும், வழுக்கும், விரலுக்கு வரும். எனக்கு இது நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் வித்தேன்.

வீட்டுக்குன்னு மார்க்கெட்ல வாங்கி வெச்சிருந்த கெரட்ல ஒன்னை எடுத்தேன். ராக்கையில கீழ்த்தட்டுல தூசி பிடிச்சுக் கிடந்த சின்ன மரக்கறிக் கத்தியையும் ஒரு பலகையையும் எடுத்தேன். அலகு பல்லில்லாம நேரா இருக்கணும். இரும்பு பிடியோட கடைசி வரைக்கும் போயிருக்கணும். ஈரக்கையில வழுக்கக் கூடாது. விரல் நுனியை உள்ளுக்கு மடக்கிக்கிட்டு வெட்டணும்னு சொல்லிக் குடுத்தேன். அவர் வெட்டிப் பார்த்தார். துண்டுக கோணல் மாணலா விழுந்துச்சு, ஆனா விரல் தப்பிருச்சு. முகத்துல ஒரு சின்ன வெளிச்சம்.

"அப்ப முதல் கத்தி?"ன்னு கேட்டார்.

மெனேஜர் பக்கத்துலயே நின்னார். "அது விருந்தாளிங்க வந்தா வெக்கிறது சேர்"னு சொல்லி சமாளிச்சேன். பிழை உங்க கையில இல்ல, நான் தந்த கத்தியிலன்னு சொல்ல வாய் வரல. வேலை போயிரும்னு பயம்.

லீவு முடியிற அன்னைக்கு மறுபடியும் வந்தார். கூட அந்த அக்கா, ரெண்டு பிள்ளைங்க. தண்ணிப் போத்தல் ரெண்டு, சாப்பாட்டுப் பெட்டி ரெண்டு எடுத்தாங்க. யாழ்ப்பாணத்துப் புது ஸ்கூலுக்கு. சின்னவ அப்பாவோட குடையை விடாமப் பிடிச்சுக்கிட்டு இருந்தா. நான் பில் போடுறப்போ அவர் என் பக்கம் குனிஞ்சு சொன்னார்:

"சின்னக் கத்தி இப்ப கைக்குப் பழகிட்டுது தங்கச்சி. பருப்பும் ஒரு பால்கறியும் சரிவருது. கொஞ்சம் பிந்திப்போச்சு."

என்னைக் குறை சொல்லணும்னு சொல்லல. அதுதான் தாங்க முடியல. போத்தலைப் பையில போட்டுக் குடுத்தேன்.

இப்ப அந்தக் கடை இல்ல, போன் கடையாயிருச்சு. நானும் டவுனுக்கே குடிவந்து பல வருஷம். கத்தி வாங்க இப்ப யாரும் கடையேற வேணாம். போனைத் திறந்தா எத்தனை ஸ்டார், எந்த ஊரு இரும்பு, எல்லாம் வருது. வீட்டுல யாரு வெட்டப் போறாங்கன்னு மட்டும் அது கேக்கிறதில்ல.

சும்மா சொல்லக்கூடாது, போன் கேக்காததைப் பெருசா சொல்ற நானும் அன்னைக்குக் கேக்கல. என் முன்னாடி ஒரு மனுஷன் நின்னார். ஒரு கேள்வி போதும். கேட்டிருந்தா அந்தப் பிள்ளைங்க கண்டியிலயே இருந்திருப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. அந்த அக்கா மனசு மாறாமலும் இருந்திருக்கலாம்.

ஆனா பழகிக்க அவருக்கு இருந்ததே ஒரு மாசம். அதுல பாதியை நான் எடுத்துட்டேன்.