மைத்துனன் பொருத்திய கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் கடையில் முழுதாக வாங்கியது அல்ல. என் மனைவியின் தம்பி உதிரிபாகங்களை ஒவ்வொன்றாக வாங்கிவந்து, கூடத்தில் பழைய வேட்டியை விரித்து உட்கார்ந்து பொருத்திக் கொடுத்தது. அது ஒரு புரட்டாசி மாதம். ஓசூர் வேலையிலிருந்து லீவுக்கு வந்திருந்தான். கொரோனாவின் இரண்டாவது அலையில், வைகாசியில், அங்கேயே ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அவன் கையால் செய்தது என்று அவளிடம் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

ஆலங்காயத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறோம். ஊரில் பெய்த மழை, விழுந்த சாவு, நின்றுபோன பஸ் என்று எல்லாவற்றையும் தேதிவாரியாக அந்தக் கம்ப்யூட்டரில் எழுதிவைப்பது என் வழக்கம். போன ஐப்பசியில் திரையில் ஓர் அறிவிப்பு வரத் தொடங்கியது. இனிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடையாது, புதிய பதிப்புக்கு மாறவேண்டும், ஆனால் உங்கள் பிராசஸர் அதற்குத் தகுதியானதல்ல. தினமும் அதைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார வேண்டியிருந்தது.

"உங்களுக்கு வேணும்னா புதுசு வாங்கிக்குங்க. அத மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க" என்றாள் மனைவி.

போடமாட்டேன், ஓடவைத்துவிடுகிறேன் என்று சொன்னேன்.

சில வாரம் இதைப் பற்றிப் படித்தேன். பிராசஸரை மட்டும் மாற்றினால் போதும் என்று தெரிந்தது. பாகங்கள் எல்லாம் செருகப்பட்டிருக்கும் மதர்போர்டைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில், அந்த போர்டு ஏற்கும் பிராசஸர்களின் பட்டியல் இருந்தது. நம் கைக்கு எட்டியவை இரண்டு. ஒன்றில் படம் காட்டும் வசதி உள்ளேயே உண்டு. அதைப் போட்டால் மைத்துனன் செருகிய கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்படாது. மற்றதில் அந்த வசதி இல்லை, கார்டு இருந்தே ஆகவேண்டும். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

ஆலங்காயத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவருக்கு இது பிடிக்கவில்லை.

"சார், நாளைக்கு அந்த கார்டு பூட்ச்சினா ஸ்கிரீனே வராது. எல்லாரும் செலவு கொறைய வழி கேப்பாங்க, நீங்க இன்னா சார் வில்லங்கத்த தேடி வாங்கறீங்க?"

"கார்டு இருக்கட்டும்" என்றேன்.

"இருக்கட்டும். அதுக்கு ஒரு மாலையும் போட்டுடலாம்" என்று சிரித்தார். அவருக்கு விஷயம் தெரியாது. நானும் சொல்லவில்லை.

திருப்பத்தூரிலிருந்து பிராசஸரை வரவழைத்து, ஒரு திங்கட்கிழமை காலை வீட்டுக்கே கொண்டுவந்தார். போர்டுக்குள் பயாஸ் என்று ஒரு சிறு மென்பொருள் இருக்கிறது. அதைப் புதுப்பித்தால்தான் போர்டு புதிய பிராசஸரை அடையாளம் காணும். பழையது உள்ளே இருக்கும்போதே அதைச் செய்து முடிக்கவேண்டும். அந்தச் சில நிமிடம் மட்டும் கரண்ட் போகக்கூடாது. போனால் போர்டு செத்துவிடும். எங்கள் யூபிஎஸ்ஸின் பேட்டரி எப்போதோ போய்விட்டிருந்தது.

அவர் பென்டிரைவை எடுத்தபோது மணி எட்டு ஆகவில்லை. மனைவி சமையலறையிலிருந்து வந்தாள்.

"தம்பி, திங்கக்கெழம ஏழரைல இருந்து ஒம்போது ராகுகாலம். ஒம்போது ஆவட்டும்."

"ரெண்டு நிமிச வேலக்கா. ராகு வண்டி எடுத்துக்கினு வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்."

"அவன் வெச்சத தொறக்கறீங்க. நல்ல நேரத்துல தொறங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான், "சாப்பிட்டுட்டு ஆரம்பிக்கலாம்" என்றேன். இட்லி சாப்பிட்டோம். வெளியே மலை தெரியாத அளவுக்கு மூட்டம். ஒன்பது அடித்ததும் அவர் ஆரம்பித்தார். திரையில் கோடு பாதிவரை நிரம்பியது. பிறகு திரை கறுத்தது. மேலே ஃபேன் மெல்ல நின்றது.

தெருவில் ஒருவர், "இன்னிக்கி முச்சூடும் கரண்ட் கெடையாதாமே" என்று சொல்லிக்கொண்டு போனார்.

மாதாந்திரப் பராமரிப்பு. முந்தைய நாள் பேப்பரில் வந்திருந்தது; படித்தும் இருந்தேன். ஒன்பது மணி முதல் மின்தடை என்று ஊர்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். எங்கள் ஊர் பெயர் இல்லை. கடைசியில் 'அவற்றைச் சுற்றியுள்ள பகுதிகள்' என்று இருந்தது. எங்கள் ஊர் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் வரும்.

மாலையில் கரண்ட் வந்தபின் அவர் எவ்வளவோ முயன்றார். போர்டு எழவில்லை.

"இதே மாதிரி பழைய போர்டு ஒண்ணு கெடைக்கும் சார். மாத்திடலாம்."

"மாத்தினா, அவன் வெச்சதுல இன்னா இருக்கும்?" என்று மனைவி கேட்டாள். அதற்குள் அவருக்கும் புரிந்துவிட்டிருந்தது. தலையைத் தூக்காமல், "டப்பா இருக்கும்க்கா. அந்த கார்டு இருக்கும்" என்றார்.

"நாந்தான ஒம்போதுன்னு சொன்னேன்" என்றாள்.

"நானும்தானே சரின்னேன்" என்று சொன்னேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

மார்கழி தொடக்கத்தில் வேறு போர்டு வந்தது. அவர் பொருத்தி முடிக்கும்வரை அவள் அந்த அறைப்பக்கம் வரவில்லை. அவர் போனபிறகு சமையலறையிலிருந்தே கேட்டாள்.

"ஓடுதா?"

"ஓடுது."

முன்பைவிட வேகமாகத்தான் ஓடுகிறது.