வானிலை வரை தாங்கிய தகடு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், டத்தோ கிராமாட்டில் உள்ள எங்கள் அடுக்குமாடியின் மூன்றாம் மாடி நடைபாதையில் கடந்த பதினொரு நாட்களாக யாரும் யாரையும் "குரங்கு" என்று அழைக்கவில்லை. லிஃப்ட் பொத்தான்களில் சூயிங்கம் ஒட்டியவன் யார் என்று எவரும் விசாரணை நடத்தவில்லை. என் செருப்பு வைத்த இடத்திலேயே, ஜோடியாக, ஒளித்துவைக்கப்படாமல் இருக்கிறது. இந்தத் துக்கச் செய்தியை வெளியிடுபவன் மேற்படி குரங்கு.

அப்படி அழைத்துக்கொண்டிருந்தவர் பக்கத்து வீட்டு பவானி அக்கா. இதய அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள், எங்கள் வாட்சப் குழுவில் வேலு அண்ணன் இரண்டே சொல் போட்டார்: "பவானி போய்ட்டாங்க." அந்தக் குழுவில் நாங்கள் மூன்றே பேர். மூவரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றுவதையே முழுநேரத் தொழிலாக வைத்திருந்தவர்கள். ஆகவே நான், "எங்க, பாசாருக்கா, மீன் வாங்கவா?" என்று எழுதி, விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மை மூன்றைச் சேர்த்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் தங்கை தேவி அக்கா அழும் சத்தம் கேட்டது. உடனே அழித்துவிட்டேன். "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்ற வரி மட்டும் இன்னும் அங்கேயே நிற்கிறது. அதை எப்படி நீக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

பதினாறாம் நாள் நினைவு மலருக்கு எழுதச் சொன்னதும் தேவி அக்காதான். "சனிக்கிழமை சனிக்கிழமை அவகூட நீதானேடா போன? நல்லதா நாலு வார்த்தை எழுது. வாலை வீட்டுல வச்சிட்டு எழுது." சுருட்டி வைத்திருக்கிறேன். எங்கேயாவது நுனி தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பவானி அக்காவை உங்களில் பலருக்கு, கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் பக்கம் யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பவராகத் தெரிந்திருக்கும். முப்பத்தொரு வருடம் அவர் சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் உலோகத் தகடு வெட்டி வளைக்கும் அச்சுகளைச் செய்தார். நெஞ்சு வலி வந்ததும் போன வருடம் வேலையை விட்டார். வீட்டில் சும்மா இருக்கத் தெரியாதவர்; பக்கத்து வீட்டில் நான் இருந்தேன். இரண்டு பேருக்கும் நேரம் சரியில்லை.

அவரை வானொலிப் பக்கம் இழுத்தவன் நான்தான். இதை அடக்கத்தோடு சொல்கிறேன். வேலு அண்ணன் புக்கிட் மெர்தாஜாமில் தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, பழைய வானொலிகளில் இருக்கும் கண்ணாடி வால்வுகளைச் சொந்தமாகவே ஊதிச் செய்கிறவர். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். அவர் செய்த வால்வு எதுவும் சில நிமிடங்களுக்கு மேல் உயிரோடு இருந்ததில்லை. செத்த வால்வு ஒன்றை நான் நடைபாதையில் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தபோது பவானி அக்கா பிடுங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"உள்ள இருக்கிற இந்தத் தகட்டை யாருடா வளைச்சான்?"

"வேலு அண்ணே."

"எதை வச்சு? பல்லை வச்சா?"

அன்று நான் அவருக்கு வால்வு பாடம் எடுத்தேன். நடுவில் சூடாகும் கம்பி எலக்ட்ரான்களை உதைக்கிறது. சுற்றியிருக்கும் கம்பி வலை எத்தனை போகலாம் என்று முடிவு செய்கிறது. வெளியே இருக்கும் தகடு கோல்கீப்பர், வருவதையெல்லாம் பிடிக்கிறது. பந்து விழ விழ கீப்பருக்கு உடம்பு சூடாகிறது. கண்ணாடிக்குள் காற்றே இல்லை, விசிறிவிட ஆளில்லை. தகடு சிவக்கிறது, உலோகத்துக்குள் ஒளிந்திருந்த வாயு வெளியே வருகிறது, வெற்றிடம் கெடுகிறது, வால்வு நீலமாக மின்னிச் செத்துப்போகிறது. எல்லாம் வீடியோவில் பார்த்ததுதான். ஆனால் அக்கா என்னைப் பேராசிரியரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு, "அப்ப கோளாறு கீப்பர்கிட்ட இல்ல. கீப்பருக்குச் சட்டை தைச்சவன்கிட்ட," என்றார்.

அடுத்த சனிக்கிழமை அவருடைய காடியில், அவரே ஓட்ட, நாங்கள் தீவிலிருந்து கடல் பாலம் தாண்டிப் போனோம். வேலு அண்ணனிடம் வணக்கத்துக்கு அடுத்தபடியாக அவர் சொன்னது: "அண்ணே, கண்ணாடி நீங்க ஊதுங்க. தகட்டை இனிமே தொடாதீங்க." வேலு அண்ணன் என்னை முறைத்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

சோதனை முறையையும் அக்காவே வைத்தார். கொட்டகையில் இருந்த வானொலியில், ஒலிபெருக்கியை ஓட்டும் வால்வை மட்டும் கழற்றிவிட்டு எங்கள் வால்வைச் செருகவேண்டும். மதியம் தமிழ்ச் செய்தியைப் போடவேண்டும். கடைசியில் வரும் வானிலை அறிவிப்பு வரை தாங்கினால் வெற்றி. முதல் தகடு தலைப்புச் செய்தி முடியும் முன்பே சிவந்தது. இரண்டாவதில் அக்கா வரிவரியாக மடிப்பு வைத்தார், சூட்டில் நெளியாமல் இருக்க. அது ஒரு அமைச்சர் வாய் திறந்ததும் செத்தது. "அமைச்சர் பேச்சைத் தாங்க முடியலக்கா அதுக்கு," என்றேன். மூன்றாவதிலிருந்து இரண்டு பக்கமும் இறக்கை வைத்தார், சூடு பரவிப் போக. நாலாவது விளையாட்டுச் செய்தி வரை போனது. அதற்கு மேல் எதுவும் போகவில்லை.

அந்த நாட்களில்தான் அவர் வீட்டுக் கதவில் நான் ஓர் அட்டை ஒட்டினேன்: "இங்கு சக்தி வாய்ந்த தகடுகள் செய்து தரப்படும்." மாலைக்குள் மூன்று பேர் வந்துவிட்டார்கள். ஓர் அம்மா மகனின் ஐந்தாம் படிவத் தேர்வுக்குத் தகடு கேட்டு, எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றார். அக்கா எலுமிச்சம்பழத்தை வாங்கிக்கொண்டு, "பையனைப் படிக்கச் சொல்லுங்கமா, அதான் தகடு," என்று அனுப்பினார். பிறகு அந்தப் பழத்தைப் பிழிந்து எனக்கு உப்பு போட்ட ஜூஸ் கொடுத்தார். கரிக்கிறதே என்று நான் அள்ளிப் போட்டுக்கொண்ட சர்க்கரைக் குவளையில் இருந்ததும் உப்புதான் என்பது இரண்டாவது வாயில்தான் தெரிந்தது.

விளையாட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை பாலத்தில் காடிகள் நகரவே இல்லை. அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "ஆப்பரேஷனுக்கு தேதி கொடுத்துட்டாங்கடா. இன்னும் ஒன்பது சனிக்கிழமை," என்றார்.

"அப்புறம் வந்து செய்யலாம்லா அக்கா."

"வந்தா செய்யலாம்." ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுச் சொன்னார்: "முப்பத்தொரு வருஷமா எவனோ வரைஞ்சு கொடுத்ததைத்தான்டா வெட்டினேன். எத்தனை லட்சம் தகடோ. ஒண்ணுகூட நான் வரைஞ்சது இல்ல. இது ஒண்ணாவது வேலை செய்யறதைப் பார்த்துட்டு உள்ள போறேன்."

ஐந்தாவது தகட்டுக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். கையில் மிச்சமிருந்த நல்ல நிக்கல் தகட்டிலிருந்து வெட்டி, இறக்கைகளை இன்னும் அகலமாக்கி, முகம் பார்க்கும் அளவுக்கு மெருகேற்றியிருந்தார். மெருகில் அழுக்கு தங்காது, அழுக்கு இல்லையென்றால் வாயு இல்லை என்பது கணக்கு. கழுவி, சுட்டு, துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். அதை யாரும் வெறுங்கையால் தொடக்கூடாது. விரல் எண்ணெய் ஒட்டினால் கண்ணாடிக்குள் சூடாகி அதுவும் வாயுவாகும். "மூச்சுகூட தள்ளி விடு, குரங்கு," என்று சொல்லிவிட்டு வேலு அண்ணனோடு தேநீர் குடிக்க வீட்டுக்குள் போனார்.

அவர்கள் திரும்பி வந்தபோது தகடு கரிக்கட்டையாக இருந்தது. கண்ணாடி ஊதும் தீயில் காற்றைக் குறைத்தால் சுடர் மஞ்சளாகிப் புகை கக்கும். அந்தப் புகையில் நான் தகட்டைக் குறட்டால் பிடித்துக் காட்டி முழுக்கக் கருப்பாக்கியிருந்தேன்.

"என்னடா பண்ணின?"

"ரொம்ப அழகா இருந்துச்சுக்கா. கண்ணு பட்டுடும்னு மை வச்சேன்."

வேலு அண்ணன் என்னை அடிக்க எதையோ தேடினார். அக்கா திட்டவில்லை. தகட்டைத் துணியால் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, பைக்குள் வைத்துக்கொண்டு, "இன்னைக்கு போதும்," என்றார். திரும்பும் வழியில் பாலத்தின் நடுவில் சொன்னார்: "வாயு நிக்கலுக்குள்ள ஒளிஞ்சிருக்கும் முகிலா. பார்த்தா தெரியாது. சூடு பட்டா தானா வெளிய வந்துடும். நீ ஏதாச்சும் சொல்லணுமா?"

"பசிக்குதுக்கா."

சிரித்துவிட்டார். இறங்கியதும் சாலையோரத்தில் எனக்கு, வேர்க்கடலைத் தூள் போட்டு மடித்த அப்போம் பாலிக் வாங்கிக்கொடுத்தார்.

புதன்கிழமை இரவு சாப்பாட்டு நேரத்தில் சுவரைத் தட்டினார். போனால், மேசை முழுக்கத் தாள். "டேய், எங்க ஃபேக்டரியில சூடு இறக்கற துண்டெல்லாம் என்ன கலரு?" எனக்கு எப்படித் தெரியும்? "கருப்பு! முப்பத்தொரு வருஷமா பார்த்திருக்கேன், மண்டையில ஏறல. மெருகு போட்டா சூட்டை உள்ளயே பிடிச்சு வச்சுக்குது. கருப்பு வெளிய வீசிடுது. உன் மை சரிதான்டா. ஆனா புகைக்கரி ஒட்டாது, உதிரும்." அன்றிலிருந்து மெருகேற்றுவதை விட்டார். எனக்கு ஒரு ஜோடி வெள்ளைப் பருத்திக் கையுறையும் வாங்கிக்கொடுத்தார். பதவி உயர்வு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாவது தகட்டில் கிராஃபைட் கரைசல் பூசினார். பாதிச் செய்தியில் அது செதில் செதிலாக உரிந்தது. ஏழாவதை மணல் வீசிச் சொரசொரப்பாக்கிவிட்டுப் பூசி, பம்ப் ஓட ஓட வெற்றிடத்திலேயே வைத்துச் சுட்டார். அதைப் பொருத்தியது மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தின சனிக்கிழமை. தலைப்புச் செய்தி போனது. அமைச்சர் போனார். விளையாட்டு வந்தது, வேலு அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். தகடு கருப்பாகவே இருந்தது. "தீபகற்பத்தின் வட மாநிலங்களில் இன்று மாலை இடியுடன் கூடிய மழை…" என்று அந்தக் குரல் தெளிவாகச் சொல்லி முடித்தது. நான் கத்தினேன். வேலு அண்ணன் கத்தினார். பவானி அக்கா எழுந்து கைப்பையை எடுத்தார்.

"மழையாம். துணி காயப்போட்டிருக்கேன், வாடா போலாம்."

காடியில் ஏறிய பிறகு ஐந்து நிமிடம் சாவி போடாமல் உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் வாழ்க்கையிலேயே நான் ஒழுங்காக நடந்துகொண்ட ஐந்து நிமிடம் அது.

இறுதிச் சடங்கன்று வேலு அண்ணன் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "அந்தக் கருப்பு இருக்கே, அது இந்தப் பையன் யோசனை. பவானியே எங்கிட்ட சொன்னாங்க." எல்லாரும் என் தோளைத் தட்டினார்கள். நானும் தலையைக் குனிந்து, விஞ்ஞானி மாதிரி வாங்கிக்கொண்டேன். ஒரு மாமாவிடம் வெப்பக் கதிர்வீச்சு பற்றி விளக்கமும் கொடுத்தேன்.

நேற்று தேவி அக்கா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கொடுத்தார். அக்காவின் ஏழு தகடுகளுக்கும் ஏழு காகித உறைகள். ஏழாவது உறை காலி; அந்தத் தகடு வால்வுக்குள், வேலு அண்ணனிடம் இருக்கிறது. தொழிற்சாலைப் பழக்கம், ஒவ்வொன்றின்மேலும் குறையை எழுதியிருந்தார். ஒன்று: மூலை கூர். இரண்டு: மடிப்பு போதாது. ஐந்தாவது உறையைத் திறந்தேன். மை துடைக்கப்பட்டிருந்தது. துடைத்த இடத்தில், நடுவில், வரி வரியாக ஒரு கைரேகை மட்டும் கருப்பாகப் பதிந்து கிடந்தது. உறைமேல் அவர் கையெழுத்து: "வலது பெருவிரல். முறுக்கு எண்ணெய். ஆள் தெரியும்."

வேலு அண்ணே, கருப்பு என் யோசனை இல்லை. நீங்கள் இருவரும் தேநீர் குடிக்கப் போனதும், அந்தத் தகட்டில் என் முகம் தெரிகிறதா என்று பார்க்கத் துணியோடு எடுத்தேன். இன்னொரு கையில் முறுக்கு இருந்தது, கை மாற்றும்போது பெருவிரல் பதிந்துவிட்டது. சட்டையில் ஓரமாகத் துடைத்துப் பார்த்தேன், இன்னும் பரவும்போல இருந்தது, விட்டுவிட்டேன். மூன்று வார வேலை. அவருக்கு மிச்சமிருந்தது ஆறே சனிக்கிழமை. பயத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் புகையில் காட்டி மறைத்தேன். கண் பட்டது, மை வைத்தது எல்லாம் நீங்கள் உள்ளே நுழைந்த பிறகு வாயில் வந்தது. அக்காவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் உங்களிடம் அது என் யோசனை என்று சொல்லியிருக்கிறார். வெப்பக் கதிர்வீச்சு பற்றி விளக்கம் கேட்ட மாமா என்னை மன்னிக்கவேண்டும். அது பாடப்புத்தகத்தில் எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது.

மற்ற உறைகளை வேலு அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். ஐந்தாவது என்னிடம் இருக்கட்டும். எடுத்துப் பார்க்கும்போது கையுறை போட்டுக்கொள்கிறேன், அக்கா.