வீணா எடை குறைத்த குப்பை

ஆஸ்டின் டவுன் வீணாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். இல்லாவிட்டால் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்திருக்க முடியாது. வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பிக் குழாய்களைக் கழுவுவது அவள் வேலை. கழுவும் மருந்து கையைத் தின்னும். அதனால் கிளவுஸ் மேல் கிளவுஸாக மாட்டிக்கொள்வாள். ஒவ்வொரு குழாய்க்கும் புதுசு.

டாக்டர் சுப்ரமணியன் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். எண்டோஸ்கோப்பியால் எவ்வளவு குப்பை சேருகிறது, சுற்றுச்சூழலுக்கு என்ன கேடு என்று பார்க்கிற ஆராய்ச்சி. நோயாளியைப் பார்க்கும் அறைக்கு ஒரு பை, கழுவும் அறைக்கு ஒரு பை. சாயங்காலம் இரண்டையும் எடை போடுவார்கள். முதல் நாளே டாக்டர் எல்லார் எதிரிலும் வீணாவைக் காட்டி, "வேஸ்ட்டெல்லாம் கழுவற ரூம்லதான். கிளவுஸத் தண்ணியா செலவழிக்கறா," என்றார்.

வீணாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கருவி போதும் என்கிற இடத்தில் மூன்று பாக்கெட் பிரித்துப் போடுகிற மனுஷன் பேசுகிற பேச்சா இது? "இரு, காட்டறேன்," என்று கறுவினாள். அன்றிலிருந்து எடை போடும் ஆள் வருமுன் தன் கிளவுஸையெல்லாம் அள்ளி அவர் அறைப் பைக்குள் திணித்தாள். அவர் பை கொழுத்தது. இவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

முடிவு வந்ததும் பாட்டு நின்றது. தன் அறைக் குப்பைக்கு, 'நோயாளியின் பாதுகாப்புக்கு அவசியம்' என்று ஒரு வரி எழுதி டாக்டர் தப்பித்துக்கொண்டார். கழுவும் அறைக்குக் கிளவுஸ் அதிகம் தேவையே இல்லை என்று நிரூபணமாகிவிட்டதாம். நிர்வாகம் சப்ளையைக் குறைத்தது. ஒரே ஜோடியில் ஒரு ஷிஃப்ட் முழுக்க ஓட்ட வேண்டும்.

மாசம் திரும்புவதற்குள் விரலிடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணாயிற்று. சோறு பிசைய முடியவில்லை. மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னாள்.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "இதை யார்கிட்டயும் சொல்லிடாதே. ஆராய்ச்சிப் பேப்பர் ஜர்னல்ல அக்செப்ட் ஆயாச்சு."

"பேப்பர் எப்படியோ போவட்டும் சார். கிளவுஸக் குடுக்கச் சொல்லுங்க."

"இப்பக் குடுத்தா நிர்வாகத்துல ஏன்னு கேப்பா. உன் வேலையும் போயிடும். பேப்பர் கடைசியில நன்றின்னு உன் பேரையும் போட்டிருக்கேன் பாரு."

வீணா வெடித்த கைகளை அவர் மேஜைமேல் விரித்து வைத்தாள்.

"பேரு யாருக்கு வேணும்? இதப் போட்டோ புடிச்சுப் போடுங்க சார்."