கலக்காத ரசம்

முப்பத்தோரு ஆண்டுகள் கல்லூரியில் தருக்கவியல் கற்பித்து, துறைத்தலைவராக ஓய்வுபெற்றவன் நான். மயிலாப்பூரில் நான் நுழையும் வீடுகளில் என்னினும் மூத்தவர்கள்கூட எழுந்து நிற்பார்கள். என் மனைவியின் தம்பிக்கு மட்டும் அந்த வழக்கம் கிடையாது. மனைவியை இழந்த நாள்முதல் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவரும் அவர், உரக்கப் பேசுவதையே உண்மை பேசுவதாக எண்ணுபவர்.

சென்ற ஆண்டு பழைய மாணவர்கள் எனக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். மேடையில் தாழ்வான சோபா. பொன்னாடையோடு ஒருவர் எதிரே வந்து நின்றதும் எழ முயன்றேன். தொடைகள் நடுங்கின. இரண்டாம் முறையும் முடியவில்லை. மைத்துனர் முன்வரிசையிலிருந்து ஏறிவந்து, அக்குளில் கைகொடுத்து, மூட்டையைப்போல் என்னைத் தூக்கி நிறுத்தினார். மைக் அருகில் இருப்பது தெரிந்தே கேட்டார்: "அத்திம்பேர், ஆத்துல சாதம் போடறாளா, இல்லையா?" அரங்கம் சிரித்தது. அதை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

தியாகராய நகர் மருத்துவர், நரம்பில் கோளாறில்லை, புரதம் போதாமல் தசை கரைந்திருக்கிறது என்றார். நாள்தோறும் சாம்பாரும் ரசமும் உண்கிறேன், இரண்டும் பருப்பில்லாமல் ஆவதில்லை என்று வாதிட்டேன். அழைக்காமலே உடன்வந்த மைத்துனர் குறுக்கிட்டார்.

"அவருக்கு விடறது மேல் தெளிவு மட்டும், டாக்டர். அடி மண்டியெல்லாம் கடைசில உக்கார்ற எனக்கு. என்னைப் பாருங்கோ, எப்படி இருக்கேன்."

மருத்துவர் சிரிக்கவில்லை, அதற்காக அவரை மதிக்கிறேன். "மண்டி மட்டும் போதாது சார். வயசாக ஆக உடம்பு கூடக் கேக்கும், நாம கொறச்சுக்கறோம். மூணு வேளையும் கெட்டியா பருப்பு, சுண்டல், தயிர், பன்னீர்னு ஏதாவது இருக்கணும். தினம் நாற்காலில பத்து தடவை உக்காந்து எழுந்திருங்க."

சாம்பாரில் பருப்பு உண்டு. நான் சாம்பார் உண்கிறேன். ஆகவே பருப்பு உண்கிறேன். முதலாமாண்டு மாணவன் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன். ஐம்பது ஆண்டுகள் அதையே நம்பி, தெளிந்த ரசம் குடும்பத் தலைவனுக்குரிய மரியாதை என்று உண்டிருக்கிறேன்.

சுண்டலை விருப்பமின்றித்தான் மென்றேன். சில மாதங்களில் முன்பு தடுக்கி விழுந்ததில் முழங்காலில் பட்டு, ஆறாதிருந்த புண் ஆறியது. கைப்பிடியைத் தொடாமல் நாற்காலியை விட்டு எழுந்தேன். வடபழனியில் நடந்த உறவினர் திருமணத்தில், மணமக்கள் வணங்க வந்தபோது மைத்துனர் தூக்கிவிட ஓடிவந்தார். "தேவையில்லை" என்று கையை விலக்கி நானே எழுந்து நின்று ஆசி கூறினேன்.

அந்தத் தோல்விக்கு அவர் பந்தியில் பழிதீர்த்துக்கொண்டார். "எங்கக்கா அவருக்கு அம்பது வருஷமா வெறும் தண்ணியத்தான் விட்டுண்டிருக்கா. நான் கண்டுபிடிக்கலேன்னா இன்னிக்கு ஆளே இல்லை." நாலு இலை தள்ளி அமர்ந்திருந்த என் மனைவி, அதன்பின் எதையும் தொடவில்லை. உறவினர் பலர் இன்று அதையே திருப்பிச் சொல்கிறார்கள்.

அது தவறு. மணமான முதல் வாரம் அவள் கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கித்தான் பரிமாற வந்தாள். இலைக்கு மேல் கையை நீட்டித் தடுத்தவன் நான்.