ஆமைக்குட்டிக்குப் போட்ட பட்டு மெத்தை

அண்ணன் எதைக் கொண்டுவந்தாலும் என்னிடம்தான் கொடுப்பான். பாடாத ரேடியோ, எரியாத டார்ச் லைட், இறக்கை முறிந்த மைனா, எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை சேவூரில் மாமனார் வீட்டுக்குப் போய்த் திரும்பியவன், சட்டைப் பையிலிருந்து ஒரு ஆமைக்குட்டியை எடுத்து அண்ணியின் உள்ளங்கையில் வைத்தான். வரப்போரம் கிடந்ததாம். எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள். அவனுக்காக நீட்டிய தண்ணீர்ச் சொம்பு என் கையிலேயே இருந்தது.

அவர்களுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். நான் சிவில் டிப்ளமா முடித்துவிட்டு வேலைக்கான உத்தரவை எதிர்பார்த்து வீட்டில் இருந்தேன்.

"ஆமைய ஊட்டுக்குள்ள வுடாதடா, பேஜாரு. பின்னாடியே வையி" என்றாள் அம்மா. கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் பழைய மரப்பெட்டி ஒன்றைப் போட்டோம்.

"கீழ இன்னா போடறது?" என்று அண்ணன் கேட்டான். கேட்கும்போது அண்ணியைப் பார்த்தான்.

"நான் யோசிச்சு எழுதறேன்" என்றேன் நான்.

நோட்டை எடுத்துக் கட்டம் போட்டேன். ஈரம் தாங்குமா, தூசி பறக்குமா, ஆபத்து உண்டா என்று மூன்று தலைப்புகள். மரத்தூள் மூக்கில் ஏறும். ஆற்று மணல் தீனியோடு வயிற்றுக்குள் போகும். உமி பூஞ்சை பிடிக்கும். செய்தித்தாளில் கால் வழுக்கும், தோண்டவும் முடியாது. தோட்டத்து மண்ணோடு தேங்காய் நாரை உதிர்த்துக் கலந்தால் ஈரம் நிற்கும், குட்டியும் புதைந்துகொள்ளும். ஐந்தாவதைச் சுற்றி வட்டம் போட்டேன். மண்ணைச் சாக்கில் காயவைத்து, கட்டி உடைத்து, மாவுச் சல்லடையில் சலித்தேன். மண் பரிசோதனைக் கூடத்தில் செய்ததுபோல இரண்டு தடவை.

முறத்தில் மண்ணோடு திரும்பியபோது வேலை முடிந்திருந்தது. அண்ணியின் பிறந்த வீட்டில் தறி உண்டு. கல்யாணமாகி வரும்போதே அங்கிருந்து ஒரு பை நிறையப் பட்டுக் கழிவு கொண்டுவந்திருந்தாள். தறியில் அறுந்தும் வெட்டியும் சேர்ந்த நூல் துண்டுகள். அரக்கும் பச்சையும் கடுகு மஞ்சளுமாக, பஞ்சு போலப் பெட்டி முழுக்க. நடுவில் குட்டி.

"எவ்ளோ நேரம் மண்ண சலிச்சிகினு இருப்ப? உங்க அண்ணி ஜல்தியா முடிச்சிட்டா. பாரு, கல்யாணப் பொண்ணு மாரி குந்திகினு கீது!" என்றான் அண்ணன்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்து அதிசயப்பட்டார்கள். நான் உள்ளே போய் நோட்டில் ஒரு வரி சேர்த்தேன். "ஆறு. பட்டுக் கழிவு. இழை மெல்லியது, இழுத்தால் அறாது. காலில் சுற்றும். கூடாது." மூடிவைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லையே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், அது கொஞ்சம் கெட்டுப்போக வேண்டும், அண்ணன் அதைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் குட்டி ஒரு பின்னங்காலை இழுத்து இழுத்து நகர்ந்தது. கால் கருநீலமாக வீங்கியிருந்தது. சதையை அறுத்துக்கொண்டு அரக்கு நூல்.

"ஐயோ, காலு போயிடும்போல கீதே" என்று அண்ணன் பதறினான். என் முறை வந்துவிட்டது என்றே நினைத்தேன். பிளேடும் இடுக்கியும் எடுத்துவந்து உட்கார்ந்தேன். தொட்டால் கால் ஓட்டுக்குள் போனது. பிடித்து இழுத்தால் இடுக்கி நழுவியது. நூல் எது, தோல் எது என்று தெரியவில்லை. பிளேடு வைத்த இடத்தில் ரத்தம் துளிர்த்தது.

"பாப்பா, வேணாம். இங்க குடு" என்றாள் அண்ணி.

அடுப்பிலிருந்து ஒரு சிட்டிகை சாம்பல் எடுத்து விரல் நுனிகளில் தேய்த்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன் அவள் வேலை தறியில் பாவு, அதாவது நெடுக்கு நூல், பிணைப்பது. பழைய பாவின் ஒவ்வொரு நுனியோடும் புதிய பாவின் நுனியை முறுக்கிச் சேர்க்க வேண்டும். பட்டு நழுவாமலிருக்கச் சாம்பல். குட்டியின் முன்னால் கீரைத் தண்டைக் காட்டிக் காத்திருந்தாள். தலை வந்தது, பிறகு கால்களும் தாமாக வந்தன. கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே நுனியைத் தேடிப் பிடித்து, சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். கால் உள்ளே போகவே இல்லை.

"இனிமே இதுல இன்னா போடலாம்? நீ எழுதினியே, அந்த நோட்ட குடு" என்று என்னிடம் கேட்டாள்.

நான் எழுவதற்குள் அண்ணன் போய் எடுத்துவந்துவிட்டான். அண்ணி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். ஆறாவது வரியில் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இன்னா எழுதிகீது?" என்றான் அண்ணன்.

"தோட்டத்து மண்ணும் தேங்கா நாருமாம். அதையே போடலாங்க." நோட்டை மூடி என் கையில் கொடுத்தாள்.

"என் தங்கச்சி நோட்டுல இல்லாதது எது?" என்று அண்ணன் சிரித்தான். நான்கு மாதமாக நான் கேட்கக் காத்திருந்த சொல். காதில் வாங்க முடியவில்லை.

அவன் போனபிறகு நானும் அண்ணியும் பட்டுக் கழிவை அள்ளி வெளியே போட்டோம்.

"அண்ணி, நான் வந்து..."

"எங்க அக்காவுக்குப் புதுத் தாவணி எடுத்தா நான் ரெண்டு நாளு சோறு துன்ன மாட்டேன்" என்றாள். "மண்ண அமுக்காத. பொலபொலன்னு கொட்டு."

சலித்த மண்ணைக் கொட்டினேன். குட்டி முன்கால்களால் தோண்டிப் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டது. ஐந்தாவது சரிதான். மறுநாள் காலையில் யாரும் எழுமுன் போய்க் கீரைத் தண்டை நீட்டினேன். ஓட்டுக்குள்ளேயே இருந்தது. வெகுநேரம் இருந்தது. பின்னால் அண்ணி வந்து குந்தி, என் கையிலிருந்த தண்டின் மறுமுனையை லேசாகப் பிடித்தாள். தலை வந்தது.

அப்போதும் எரிந்தது எனக்கு. தண்டை மட்டும் நான் விடவில்லை.